வெளிநாட்டு மருத்துவப் பட்டம்: கட்டணம் குறைவு, விலை அதிகம்

புது தில்லி: அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்துக்கு (எய்ம்ஸ்) அருகே உள்ள கௌதம் நகரின் குறுகிய சந்துகளில், "வாசிப்பு அறை" என்ற பெயர்ப் பலகைகளை வரிசையாகக் காணலாம். மாத வாடகைக்கு ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு விளக்கு. அங்கு அமர்ந்து படிப்பவர்களில் ஒரு சாரார் முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வுக்குத் தயாராகின்றனர். மற்றொரு சாரார், வெளிநாடுகளில் ஏற்கெனவே ஆறு ஆண்டுகள் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பியவர்கள். கையில் பட்டம் உண்டு. ஆனால், இந்தியாவில் ஒரு நோயாளியின் நாடியைப் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அந்த உரிமைக்கான தேர்வில் வெற்றி பெறவே அவர்கள் மீண்டும் மாணவர்களாகியிருக்கிறார்கள்.

ரஷியா, சீனா, பிலிப்பின்ஸ், கிர்கிஸ்தான், கஜகஸ்தான், ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான், வங்கதேசம் என்று மருத்துவம் படிக்கச் செல்லும் இந்திய மாணவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வந்திருக்கிறது. உள்நாட்டுத் தனியார் கல்லூரிக் கட்டணத்தில் பாதிகூட ஆகாது என்பதே அவர்களை ஈர்க்கும் காரணம். ஆனால், கட்டணம் வேறு, விலை வேறு. விமானம் ஏறும் நாளில் சொல்லப்படும் தொகைக்கும், மருத்துவராகப் பதிவு செய்யும் நாள் வரை ஒரு குடும்பம் உண்மையில் செலுத்தும் விலைக்கும் இடையே உள்ள தூரத்தை அறியாமலேயே பல பெற்றோர் நிலத்தையும் நகையையும் அடகு வைக்கின்றனர்.

ஏன் போகிறார்கள்?

2025-ஆம் ஆண்டு நீட் தேர்வை எழுதியவர்கள் சுமார் 22.09 லட்சம் பேர். தகுதி பெற்றவர்கள் சுமார் 12.36 லட்சம் பேர். நாட்டில் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1.2 லட்சம் மட்டுமே. அதாவது, தகுதி பெற்றவர் பத்துப் பேருக்கு ஓர் இடம். 2014-இல் சுமார் 51 ஆயிரமாக இருந்த இடங்கள் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருப்பது உண்மை. ஆனால், அவற்றில் ஏறத்தாழ பாதி தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் உள்ளன.

அந்தப் பாதியின் விலை என்ன என்பதை மத்திய அரசே சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கை, தனியார் துறையில் எம்.பி.பி.எஸ். படிக்க ரூ.60 லட்சம் முதல் ரூ.1 கோடி வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் செலவாகிறது என்று குறிப்பிட்டது. 48 சதவீத இடங்கள் தனியார் வசம் இருப்பதையும், கட்டணம் குறைந்த நாடுகளைத் தேடி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் செல்வதையும் அதே அறிக்கை ஒப்புக்கொண்டது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். 2025 நீட் தேர்வில் பொதுப் பிரிவினருக்கான தகுதி மதிப்பெண் 720-க்கு 144. இந்த எல்லையை ஒட்டி மதிப்பெண் பெற்ற ஒருவர், கோடி ரூபாய் செலவிட முடிந்தால் உள்நாட்டிலேயே தனியார் இடத்துக்கு முயற்சி செய்யலாம். அவரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றும், அரசு ஒதுக்கீட்டு இடம் நூலிழையில் தவறிப்போன நடுத்தரக் குடும்பத்து மாணவர் கிர்கிஸ்தானுக்குச் செல்கிறார். பின்னவரைத் "தகுதி குறைந்தவர்" என்று அழைப்பது எவ்வாறு நியாயமாகும்?

2018-ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டில் மருத்துவம் படிக்கவும் நீட் தேர்ச்சி கட்டாயமாக்கப்பட்டது. இந்த விதி செல்லும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரித் தமிழக சட்டப்பேரவை 2021 செப்டம்பரிலும், மீண்டும் 2022 பிப்ரவரியிலும் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. எனவே, நீட்டைத் தவிர்ப்பதற்காக வெளிநாடு செல்லலாம் என்ற பழைய எண்ணத்துக்கு இன்று இடமே இல்லை.

கணக்கில் வராத செலவு

வெளிநாட்டில் ஆறு ஆண்டு மருத்துவப் படிப்புக்கு ரூ.25 லட்சம் கடன் வாங்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வட்டி 11 சதவீதம் என்றும், கடன் ஆறு ஆண்டுகளில் தவணை தவணையாகப் பெறப்படுகிறது என்றும் கொண்டால், படிப்பு முடியும் நேரத்தில் வட்டி மட்டும் ரூ.8 லட்சத்தைத் தாண்டும். வட்டியை அவ்வப்போது கட்டிவிட்டாலும், அசலைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதந்தோறும் சுமார் ரூ.34,400 செலுத்த வேண்டும். பட்டம் பெற்ற பின் தேர்வுக்காகக் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் வட்டி ரூ.2.75 லட்சம். இவற்றுடன் பயிற்சி மையக் கட்டணம், தில்லி போன்ற நகரில் தங்கும் செலவு, உணவு ஆகியவையும் சேரும்.

ரூபாய் மதிப்பின் சரிவு மற்றொரு சுமை. பல கல்லூரிகள் கட்டணத்தை டாலரில்தான் கேட்கின்றன. 2019-இல் ரூ.70 அளவில் இருந்த டாலர், 2025 டிசம்பரில் ரூ.90-ஐத் தாண்டியது. ஆண்டுக் கட்டணம் 5,000 டாலர் என்றால், கல்லூரி ஒரு டாலர்கூட உயர்த்தாத நிலையிலும் அது ரூ.3.5 லட்சத்திலிருந்து ரூ.4.5 லட்சமாகியிருக்கும். விமானம் ஏறும் முன் போட்ட கணக்கு ஆறாம் ஆண்டில் செல்லுபடியாகாது.

காலமும் ஒரு செலவே. உள்நாட்டில் பயிற்சி மருத்துவர் பணியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகளில் ஒருவர் மருத்துவராகிவிடுகிறார். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகளின்படி, வெளிநாட்டில் படிப்பவர் குறைந்தது 54 மாதங்கள் பாடம் பயில வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதங்கள் பயிற்சி பெற வேண்டும். பிறகு இந்தியாவில் தகுதித் தேர்வில் வென்று, மேலும் 12 மாதங்கள் இங்கும் பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். முதல் முயற்சியிலேயே வென்றாலும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். ஒருமுறை, இருமுறை தவறினால் எட்டு, ஒன்பது ஆண்டுகள்.

தடைக்கல்லாகும் தேர்வு

சோவியத் யூனியன் சிதறிய பின், அந்நாடுகளில் படித்துத் திரும்பியவர்களின் தகுதி குறித்து நீண்ட வழக்குகள் நடந்தன. அதன் விளைவாக 2002-இல் தொடங்கப்பட்டதே வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு. ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் இத்தேர்வில் 300-க்கு 150 மதிப்பெண் பெற்றால் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. இருந்தும் முடிவுகள் கவலை அளிக்கின்றன.

2015 முதல் 2018 வரை இத்தேர்வை எழுதிய 61,708 பேரில் தேர்ச்சி பெற்றவர்கள் 8,764 பேர், அதாவது 14.2 சதவீதம். அக்காலகட்டத்தில் சீனாவில் படித்தவர்களின் தேர்ச்சி 12 சதவீதத்துக்கும் குறைவு. ரஷியாவில் படித்தவர்கள் சுமார் 13 சதவீதம். உக்ரைனில் படித்தவர்கள் சுமார் 15 சதவீதம். வங்கதேசத்தில் படித்தவர்கள் சுமார் 27 சதவீதம். அண்மை ஆண்டுகளில் ஏற்ற இறக்கம் தெரிகிறது. 2023 ஜூனில் பத்தில் ஒருவரே தேர்ச்சி பெற்றார். 2024 டிசம்பரில் 44,392 பேர் எழுதி 13,149 பேர் வென்றனர், இது 29.62 சதவீதம். 2025 ஜூனில் 36,034 பேர் எழுதி 6,707 பேர் வென்றனர். தேர்ச்சி மீண்டும் 18.61 சதவீதமாகக் குறைந்தது.

இப்புள்ளிவிவரங்களைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு முறை தவறியவர் அடுத்த முறையும் எழுதுகிறார், முயற்சிகளுக்கு வரம்பில்லை. ஆகவே, 20 சதவீதத் தேர்ச்சி என்றால் 80 சதவீதத்தினர் என்றைக்கும் மருத்துவராகவே முடியாது என்று பொருளல்ல. இரண்டாவது, மூன்றாவது முயற்சியில் வென்று இன்று சிறப்பாகப் பணியாற்றுபவர்கள் பலர். ஆனால், ஒவ்வொரு தவறிய முயற்சியும் ஆறு மாதக் காலத்தையும் ஆறு மாத வட்டியையும் விழுங்குகிறது என்பதே பெற்றோர் கணக்கில் கொள்ள வேண்டிய செய்தி.

உள்நாட்டில் படித்தவர்களுக்கும் வெளிநாட்டில் படித்தவர்களுக்கும் பொதுவான "நெக்ஸ்ட்" என்ற தேர்வைக் கொண்டுவர 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வழி செய்தது. அனைவருக்கும் ஒரே அளவுகோல் என்பது அதன் நோக்கம். அத்தேர்வு 2023 ஜூலையில் ஒத்திவைக்கப்பட்டது.

போரும் நோயும்

2020-இல் கொரோனா பரவியபோது சீனாவிலிருந்து திரும்பிய இந்திய மாணவர்கள், இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கல்லூரி வாசலை மிதிக்க முடியவில்லை. 2022 ஆகஸ்டில்தான் சீனா மீண்டும் மாணவர் விசா வழங்க முன்வந்தது. உடற்கூறியலையும் அறுவை சிகிச்சையையும் கைப்பேசித் திரையில் படித்தவர்களை எவ்வாறு ஏற்பது என்ற கேள்வி எழுந்தது. இணையவழி வகுப்புகளை நேரடி வகுப்புகளாலும் கூடுதல் பயிற்சியாலும் ஈடு செய்ய வேண்டும் என்று மருத்துவ ஆணையம் அடுத்தடுத்து அறிவிக்கைகள் வெளியிட்டது.

அதே 2022-இன் பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. "ஆபரேஷன் கங்கா" நடவடிக்கையில் சுமார் 22,500 இந்தியர்கள் மீட்கப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள்; தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் ஏராளம். 2022 மார்ச் 1-ஆம் தேதி கார்கிவ் நகரில் உணவுப் பொருள் வாங்கச் சென்ற கர்நாடக மாணவர் குண்டுவீச்சில் உயிரிழந்தார். பிளஸ் 2 தேர்வில் 97 சதவீத மதிப்பெண் பெற்றும் மகனுக்கு இங்கு இடம் கிடைக்கவில்லை என்று அவருடைய தந்தை கூறியது நாடெங்கும் எதிரொலித்தது. மூன்று வாரங்களுக்குப் பின் வந்து சேர்ந்த உடலை, குடும்பத்தினர் தாவணகெரேயில் உள்ள மருத்துவக் கல்லூரிக்குத் தானமாக வழங்கினர்.

அதே நாள்களில், வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்களில் 90 சதவீதம் பேர் இங்கு தகுதித் தேர்வில் தோல்வியடைகின்றனர் என்று மத்திய அமைச்சர் ஒருவர் கூறியது எதிர்க்கட்சிகளின் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. சிறிய நாடுகளுக்கெல்லாம் நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்கச் செல்கின்றனர் என்று வருத்தம் தெரிவித்த பிரதமர், தனியார் துறையினர் பெருமளவில் மருத்துவக் கல்வியில் ஈடுபட வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். தனியார் கல்லூரிகளில் பாதி இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணமே வசூலிக்கப்படும் என்று மார்ச் மாதம் அவர் அறிவித்தார்.

திரும்பிய மாணவர்களும் பெற்றோரும் தில்லி ஜந்தர் மந்தரிலும், பின்னர் ராம்லீலா மைதானத்திலும் போராடினர். உள்நாட்டுக் கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு பதில் மனு தாக்கல் செய்தது. நீட் தேர்வில் மதிப்பெண் குறைவு, கட்டணம் கட்டுப்படியாகாமை ஆகிய இரு காரணங்களால்தான் அவர்கள் வெளிநாடு சென்றனர் என்று அம்மனு கூறியது. இரண்டாவது காரணத்துக்கு மாணவர் எவ்வகையில் பொறுப்பு என்பதற்கு அதில் விடையில்லை. இறுதியாண்டில் இருந்தவர்கள் மட்டும் இங்கேயே எம்.பி.பி.எஸ். தேர்வெழுத 2023 மார்ச்சில் ஒரு முறைச் சலுகையாக வாய்ப்புக் கிடைத்தது. அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் பயிற்சி மருத்துவர் பணி கட்டாயம் என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

இதோடு முடியவில்லை. 2024 மே மாதம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் வெளிநாட்டு மாணவர்கள் கும்பல் தாக்குதலுக்கு ஆளாயினர். 2025 ஜூனில் இஸ்ரேல் - ஈரான் மோதலின்போது, "ஆபரேஷன் சிந்து" மூலம் ஈரானிலிருந்து முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் உர்மியா நகரின் மருத்துவ மாணவர்களே. அந்த முதல் குழுவினர் ஆர்மீனியா வழியாகத் தில்லி வந்து சேர்ந்தனர். மீட்பு விமானங்களை அனுப்ப அரசு தவறியதில்லை. விமானம் தரையிறங்கிய பிறகு அந்த மாணவரின் படிப்பு என்னவாகும் என்ற கேள்விக்குத்தான் ஒவ்வொரு முறையும் விடை தாமதமாக வருகிறது.

கேட்பாரற்ற இடைத்தரகர்கள்

மாணவருக்கு நீட் தேர்வு, தகுதித் தேர்வு, இரட்டைப் பயிற்சி என்று சோதனைகள் அடுக்கப்படுகின்றன. அவரை அனுப்பும் ஏஜென்டுக்கு என்ன சோதனை? வெளிநாட்டுக் கல்லூரி எதையும் தாங்கள் அங்கீகரிக்கவோ பரிந்துரைக்கவோ இல்லை என்பது மருத்துவ ஆணையத்தின் நிலைப்பாடு. விதிகளுக்கு உள்பட்ட கல்லூரியா என்று பார்த்துக்கொள்வது மாணவரின் பொறுப்பு. பெலிஸ், உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளின் சில கல்லூரிகளைப் பற்றி 2025-இல் ஆணையம் எச்சரிக்கை விடுத்தது வரவேற்கத்தக்கது. ஆனால், எச்சரிக்கை வரும்போது பலர் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டிருப்பார்கள்.

இந்தக் கண்காணிப்பின்மை மறுமுனையிலும் தொடர்கிறது. தகுதித் தேர்வில் வெற்றி பெறாமலேயே பதிவு பெற்றுப் பணியாற்றியதாக 73 வெளிநாட்டுப் பட்டதாரிகள் மீதும், 14 மாநில மருத்துவக் கவுன்சில்கள் தொடர்பாகவும் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்தது. 2022 டிசம்பரில் நாடெங்கும் 91 இடங்களில் சோதனை நடத்தப்பட்டது. நேர்மையாகப் பல முறை தேர்வெழுதிக் காத்திருப்பவருக்கும், அவரிடம் சிகிச்சை பெறப்போகும் நோயாளிக்கும் ஒருசேர இழைக்கப்படும் அநீதி இது.

தேர்வில் வென்றவருக்கும் காத்திருப்பு நீள்கிறது. இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் வெளிநாட்டுப் பட்டதாரிகளின் பயிற்சிக்கு விதிகளின்படி 7.5 சதவீத இடங்களே உண்டு. பயிற்சிக்கால உதவித்தொகையிலும் பல இடங்களில் பாகுபாடு நிலவியது. உள்நாட்டுப் பட்டதாரிகளையும் வெளிநாட்டுப் பட்டதாரிகளையும் இதில் வேறுபடுத்தக் கூடாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூற வேண்டியிருந்தது.

போகலாமா, வேண்டாமா?

அனைவருக்கும் பொருந்தும் விடை இல்லை. ஆனால், புறப்படும் முன் சரிபார்க்க வேண்டியவை தெளிவாகவே உள்ளன. பாடமொழி ஆங்கிலமா? 54 மாதப் பாடமும் 12 மாதப் பயிற்சியும் ஒரே நிறுவனத்தில் நடக்கின்றனவா? அந்தப் பட்டத்தைக் கொண்டு அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்ய முடியுமா? இவற்றில் ஒன்றுக்கு "இல்லை" என்ற விடை வந்தாலும், எவ்வளவு குறைந்த கட்டணமும் வீண் செலவே. தகுதித் தேர்வை நடத்தும் தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம், நாடு வாரியாகவும் கல்லூரி வாரியாகவும் தேர்ச்சி விவரங்களை வெளியிட்டு வருகிறது. ஏஜென்டின் வண்ணக் கையேட்டைக் காட்டிலும் அந்தப் பட்டியல் நம்பத்தக்கது. படிப்புச் செலவுக்கு மேல், குறைந்தது இரண்டு ஆண்டுகள் வருமானமின்றித் தாக்குப்பிடிக்கும் வசதி உண்டா என்பது இறுதிக் கேள்வி. வீட்டையே அடகு வைத்துச் செல்பவருக்கு முதல் தோல்வியே பேரிடியாகிவிடும்.

மாணவரின் எச்சரிக்கையோடு முடிந்துவிடும் விஷயமல்ல இது. ஏஜென்டுகளுக்குக் கட்டாயப் பதிவும் பொறுப்பேற்பும் வேண்டும். விதிகளுக்கு உள்பட்ட கல்லூரிகளின் பட்டியலை ஆணையம் ஆண்டுதோறும், நீட் முடிவுகளுக்கு முன்பே, இந்திய மொழிகளில் வெளியிட வேண்டும். போரோ நோயோ வந்தால் மாணவரின் படிப்பு எவ்வாறு தொடரும் என்பதற்கு முன்கூட்டியே விதி வகுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியார் கல்லூரிகளில் பாதி இடங்களுக்கு அரசுக் கட்டணம் என்று 2022 மார்ச்சில் அளிக்கப்பட்ட வாக்குறுதி, எந்தெந்த மாநிலத்தில் எத்தனை கல்லூரிகளில் நிறைவேறியுள்ளது என்பதை நாடாளுமன்றத்தில் அரசு கணக்குக் காட்ட வேண்டும்.

வெளிநாட்டுப் படிப்பு செலவுக்கு ஏற்ற பலன் தருமா என்று கௌதம் நகரின் வாசிப்பு அறைகளில் அமர்ந்திருப்பவர்களைக் கேட்பதில் பொருளில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன், உள்நாட்டில் கோடி ரூபாய், வெளிநாட்டில் இருபத்தைந்து லட்சம் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் அவர்கள் நிறுத்தப்பட்டனர். அந்தக் கோடி ரூபாய் ஏன் என்பதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள், அந்தச் சந்துகளிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள மத்திய அரசு அலுவலகங்களில் இருக்கிறார்கள்.